ஒரு நாளைக்கு நான்கு பேர்

வங்காளிகளிடம் ஒரு சொல் இருக்கிறது: மேஜ்மேஜ். ‘கா மேஜ்மேஜ் கொர்ச்சே’ என்பார்கள். ‘கா’ என்றால் உடம்பு. காய்ச்சல் இல்லை, வலி என்றும் சொல்லிவிட முடியாது, ஆனால் மழைக்காலத்துப் போர்வை மாதிரி உடம்பு கனத்துக் கிடக்கும். நம் ஊரில் ‘அசதியா இருக்கு’ என்பதற்கும் ‘அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’ என்பதற்கும் நடுவில் எங்கோ இருக்கிற நிலை அது. கொல்கத்தாவின் டாலிகஞ்சில் பதினோரு வருஷமாக என் வீட்டில் உலை கொதிப்பது இந்த ஒரு சொல்லால்தான்.

போன வாரம் காட்பாடியிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். சென்னையில் ஸ்பா படிப்பு முடித்திருக்கிறாள், சொந்தமாக மசாஜ் நிலையம் வைக்கப் போகிறாளாம். “அக்கா, மாசம் எவ்ளோ நிக்கும்?” என்பதுதான் முதல் கேள்வி. ஒரு மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகுதான், சொல்ல வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை என்று உறைத்தது. அவளுக்காகவும், அவளைப் போல ஆரம்பிக்க நினைக்கிற மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் வேலூர்க்காரி. எங்கள் ஊரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பலகைகள் தொங்கும். லாட்ஜ், மீன்சோறு, மருந்துக்கடை எல்லாம் அவர்களுக்காகவே. அம்மா இரண்டு அறைகளை நோயாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கூடத் துணைக்கு வந்த பெண்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள், ராத்திரியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுருண்டு படுத்து எழுந்து வந்து ‘கா மேஜ்மேஜ்’ என்று திண்ணையில் சாய்வார்கள். பாட்டி நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்து முதுகை நீவிவிடுவார். எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகளையெல்லாம் நீட்டிய காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கை அது. அந்தக் கையின் அழுத்தத்துக்குப் பாஷை தேவைப்படவில்லை. பாஷையை நான் அந்தத் திண்ணையில் கற்றேன், தொழிலையும் அங்கேதான்.

கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், ஆட்டோவில் போகும்போது பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு என்ற பெயரைப் பார்த்து யாரென்று விசாரித்தேன். திப்பு சுல்தானின் வம்சத்தவர் என்றார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததும், அங்கே காவலில் இருந்த திப்புவின் குடும்பத்தைக் கிழக்கிந்தியக் கும்பினி கப்பலேற்றி அனுப்பியது இந்த டாலிகஞ்சுக்குத்தான். எங்கள் ஊர்க் கோட்டையிலிருந்து புறப்பட்டவர்கள் இந்தத் தெருக்களில் வாழ்ந்து முடித்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்கு இந்த ஊர் கொஞ்சம் சொந்தமானது. 1770களில் ஆதி கங்கையைத் தூர்வாரி வாய்க்கால் ஆக்கிய வில்லியம் டாலியின் பெயர்தான் ஊருக்கு. சினிமாக்காரர்கள் அதை ‘டாலிவுட்’ ஆக்கினார்கள். மெட்ரோ நிலையத்துக்கு நடிகர் உத்தம் குமாரின் பெயர் ‘மகாநாயக்’ பட்டத்தோடு சேர்ந்தது. ஒரு பக்கம் ஸ்டுடியோக்கள், ஒரு பக்கம் 1895இல் தொடங்கிய டாலிகஞ்ச் கிளப், நடுவில் முட்டிவலியோடு மாடிப்படி ஏறும் பழைய வீட்டு முதியவர்கள். மசாஜ் தொழிலுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது என்று நினைத்தேன்.

இடம் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ‘மசாஜ்’ என்று சொன்னதுமே வீட்டுக்காரர்களின் முகம் மாறும். ஒன்பது வீடு பார்த்தேன். ஒருவர் முன்பணத்தை வாங்கிவிட்டு மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்தார், அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பத்தாவது வீட்டில் சொல்லை மாற்றினேன், ‘மாலிஷ்’ என்றேன். வங்காள வீட்டில் மாலிஷ் என்பது குழந்தைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் தாத்தாவுக்கும் கடுகெண்ணெயில் நடப்பது. பலகையிலும் அதையே எழுதினேன். ஒரே வேலைதான், ஆனால் ஒரு சொல்லுக்கு ஊர் கதவைச் சாத்துகிறது, இன்னொரு சொல்லுக்குத் திறக்கிறது. நீ எந்த ஊரில் கடை போட்டாலும் அந்த ஊர் வீட்டுக்குள் வழங்கும் சொல்லைத் தேடிப் பிடி.

சொல் மட்டும் போதாது. என் நிலையத்தில் முன்னறைக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளறைகளுக்குத் திரையும் தாழ்ப்பாள் இல்லாத கதவும். பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண், அதுவும் வேறு வேறு நேரத்தில். படுக்கும்முன் எந்த இடத்தில் கை வைக்கப் போகிறோம் என்று வாயால் சொல்லிவிட வேண்டும், மற்ற இடமெல்லாம் துணியால் மூடியிருக்கும். போனில் ‘வேறு என்ன சர்வீஸ் உண்டு’ என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், உடனே போன் வைக்கப்படும். முதல் வருஷம் வாரத்துக்கு ஏழெட்டு அழைப்பு அப்படி வந்தது, இப்போது மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

கேமரா வைக்கலாமா என்று சித்தி மகள் கேட்டாள். நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இதைப் பற்றி இரண்டு விதமாகச் சொன்னார்கள். 2021 டிசம்பரில் ஒரு நீதிபதி ஸ்பாக்களுக்குள் கேமரா வைக்கச் சொன்னார். சில நாட்களிலேயே, 2022 ஜனவரியில், மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அது உடம்பின் அந்தரங்கத்தை மீறும் என்றார். நான் இரண்டாவது பக்கம். வாசலிலும் முன்னறையிலும் கேமரா இருக்கிறது. உள்ளே, துணி விலக்கிப் படுத்திருக்கும் ஒரு பெண்ணைப் படம் பிடித்துத்தான் என் நேர்மையை நான் நிரூபிக்க வேண்டும் என்றால், அந்த நேர்மைக்கு அவள் விலை கொடுக்கிறாள் என்று அர்த்தம்.

இப்போது கைக்கு வருகிறேன்.

முதல் இரண்டு வருஷம் ஒரு நாளைக்கு ஏழு பேர், எட்டு பேர் என்று பார்த்தேன். வந்தவரை ஏன் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற எண்ணம். மூன்றாவது வருஷ மழைக்காலத்தில், காலையில் காபி டம்ளரைத் தூக்கினேன், வலது கட்டை விரலின் அடி மூட்டில் சுரீரென்று ஒரு குத்தல். டம்ளர் தரையில். ஒரு வாரத்தில் சாவி திருப்ப முடியவில்லை, ஜாக்கெட் ஊக்கு போட முடியவில்லை. எலும்பு மருத்துவர் விரலை மடக்கி மணிக்கட்டை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார், நான் அலறிவிட்டேன். தசைநாண் உறை வீங்கியிருக்கிறது, ஆறு வாரம் கையைத் தொங்கப் போடு என்றார். அந்த ஆறு வாரமும் ஒரு ரூபாய் வரவில்லை. வாடகை மட்டும் ஒன்றாம் தேதி வந்து நின்றது.

அப்போது புரிந்தது: இந்தத் தொழிலில் முதல் என்பது கட்டிலும் எண்ணெயும் அலங்காரமும் அல்ல, கைதான். துணிக்கடைக்காரர் இன்னும் நூறு புடவை வாங்கி அடுக்கலாம். நமக்குக் கை இரண்டே இரண்டு, அதற்கு ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கைத் தாண்டினால் கை வட்டியோடு வாங்கிவிடும். அன்றிலிருந்து எங்கள் நோட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே நான்கு கோடுதான். ஒரு நாளைக்கு நான்கு பேர், ஒருவருக்கு ஒரு மணி நேரம், நடுவில் அரை மணி இடைவெளி. ஐந்தாவது ஆள் யாராக இருந்தாலும் மறுநாள்தான்.

கூடவே உடம்பை வைத்து வேலை செய்யவும் கற்றோம். கட்டை விரலால் குத்தக் கூடாது. முழங்கையும் முன்கையும் இருக்கின்றன, பாரத்தை இடுப்பிலிருந்து இறக்க வேண்டும். கட்டிலின் உயரம் நம் முட்டிக்கு மேலே, தொடை நடுவளவு. புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் மாதம் நான் சொல்லித் தருவது நிற்பதற்குத்தான். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று இதற்கு ஒரு பிரிவே உண்டு, ஒன்பது வகை சொல்வார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், கை தானாக அசையும். என் பெண்களுக்கு வங்காள எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனால் கழுத்தைத் திருகி நெட்டி எடுப்பது எங்களிடம் கிடையாது. கழுத்துக்குள் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஓடுகிறது, அது கிழிந்தால் பக்கவாதம். முடிதிருத்தும் இடங்களில் ‘டக்’ சத்தத்துக்காக ஆசைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

மாசம் எவ்வளவு நிற்கும் என்று கேட்டாயே, சொல்கிறேன். என்னையும் சேர்த்து நான்கு பேர். வங்காளத்துக் கடைச் சட்டம் ஊழியருக்கு வாரம் ஒன்றரை நாள் விடுமுறை கொடுக்கச் சொல்கிறது, அது கைக்கும் நல்லது. ஆக மாதம் 23 நாள். நாலு நாலு பதினாறு, 23ஆல் பெருக்கினால் 368. இது ஏட்டுச் சுரைக்காய். நிஜத்தில் 220 வந்தால் நல்ல மாதம். சராசரி 900 ரூபாய் என்றால் 1,98,000. வாடகை 28,000. மூவருக்கும் சம்பளம் ஆளுக்கு 18,000 வீதம் 54,000, அதற்கு மேல் அவர்கள் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் 150 என்று ஏறக்குறைய 25,000. எண்ணெய், துணி துவைப்பு, மின்சாரம் 20,000. வாடகைக்கு வரி 5,040. மிச்சம் 66,000 சொச்சம். நானும் நாலில் ஒருத்தியாக உழைத்தால்தான் இது. முதல் மூன்று வருஷம் இதில் பாதிகூட இல்லை.

வரி என்றேனே. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். முன்பு 18 சதவீதம், 900 ரூபாய் வேலைக்கு வாடிக்கையாளர் 1,062 கொடுத்தார். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், இப்போது 945. வந்தவர்கள் முகத்தில் அந்த 117 ரூபாயின் மலர்ச்சி தெரிந்தது. ஆனால் நாம் வாங்கும் பொருளுக்கும் வாடகைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி அதோடு போய்விட்டது. வீட்டுக்காரர் பதிவு செய்யாதவர் என்பதால் வாடகை மீதான 18 சதவீதத்தை நான்தான் கட்டுகிறேன். விலை நிர்ணயிக்கும்போது இதையெல்லாம் எழுதிப் பார். மாநகராட்சியின் டிரேட் லைசென்ஸை வருஷா வருஷம் புதுப்பித்து வாசலில் மாட்டு. விசாரிக்க யார் வந்தாலும் அதைக் காட்டி நிமிர்ந்து பேசலாம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு ஒன்று உண்டு: விரிப்பு. ஒரு நாளைக்கு ஒன்பது பத்து விரிப்பு, அதற்கு இரண்டு மடங்கு துண்டு, எல்லாம் எண்ணெய். கொல்கத்தாவில் ஜூலை மாதம் துணி காயாது. காயாத எண்ணெய்த் துணியில் சிக்கு வாடை ஏறிவிட்டால் போகாது, படுக்கிறவர் மூக்கு நேராக அதில்தான் இருக்கும். அன்றோடு அவர் வரமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். கொதிநீரில் சலவை சோடா போட்டு ஊறவைத்துத்தான் துவைக்கிறோம். எண்ணெய் ஊறிய துணியைச் சூட்டோடு குவித்து வைத்தால் தானாகத் தீப்பிடிக்கும், அதனால் டிரையரிலிருந்து எடுத்ததும் உதறிப் பரப்ப வேண்டும். எண்ணெயைப் பொறுத்தவரை, வங்காள வீட்டு முதியவர்களுக்குக் கடுகெண்ணெய் இல்லாமல் மாலிஷ் இல்லை. நான் லேக் மார்க்கெட்டில் நம் ஆட்கள் கடையில் நல்லெண்ணெய் வாங்கி வந்து மெல்லப் பழக்கினேன். தோல் மெலிந்தவர்களுக்குக் கடுகெண்ணெய் எரியும் என்பதால் முதலில் முழங்கைக்குள் ஒரு சொட்டு தடவிப் பார்ப்போம். இப்போது பாதிப் பேர் ‘திதி, தோமார் தில்-தேல் தாவ்’ (அக்கா, உன் நல்லெண்ணெயைக் கொடு) என்று கேட்டு வாங்குகிறார்கள்.

இந்தப் பதினோரு வருஷத்தில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நான் தொடாமல் திருப்பி அனுப்பிய ஒரு கால். வேலூருக்குச் சிகிச்சைக்குப் போய், ஒரு நாளுக்கும் மேலே ரயிலில் உட்கார்ந்து திரும்பியிருந்த ஒரு மாஷிமா (வயதான பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, நீவிவிடு என்று வந்தார். பார்த்தேன். அந்தக் கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக, தோல் பளபளவென்று. ரத்தம் உறைந்திருக்கலாம் என்று தோன்றியது. அப்படிப்பட்ட காலை உருவினால் கட்டி நழுவி நுரையீரலுக்குப் போய்விடும். “மாஷிமா, இன்று கை வைக்கமாட்டேன், இப்போதே டாக்டரிடம் போங்கள்” என்றேன். அவருக்குக் கோபம், ஐந்து நிமிஷ வேலைக்கு இத்தனை பேச்சா என்று. மகன் அழைத்துப் போனார். ஸ்கேனில் ரத்தக்கட்டி. இரண்டு மாதம் கழித்து ரசகுல்லா மண்சட்டியோடு வந்தார். அவர் ஒருவர் மூலமாக வந்தவர்கள் இன்று நாற்பது பேருக்குக் குறையாது. அதிலிருந்து முதல் முறை வருகிற எல்லோரிடமும் ஒரு பக்கம் கேள்வி: காய்ச்சல், ரத்த அழுத்தம், சர்க்கரை, சமீபத்து ஆபரேஷன், கர்ப்பம், ரத்தம் இளக்கும் மாத்திரை. பதில் சந்தேகமாக இருந்தால் டாக்டர் சீட்டு கொண்டுவாருங்கள் என்போம்.

‘வேலூர் திதி’ என்று கூப்பிடுகிறார்கள். வேலூர் என்றாலே இங்கே டாக்டர் நினைப்பு. அந்த மரியாதை எனக்கு உரியது இல்லை, அது அந்த மருத்துவமனைக்கு உரியது. அதனால் முதல் நாளே சொல்லிவிடுவேன்: நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட்டும் இல்லை. மாலிஷ் வலியைக் கொஞ்ச நாள் தணிக்கும், தூக்கம் கொடுக்கும், தேய்ந்த மூட்டை வளர்க்காது. இடுப்புவலிக்கு மசாஜ் பற்றி நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வும் சொன்னது கிட்டத்தட்ட அதுதான்: குறுகிய காலத்துக்குக் கொஞ்சம் நிவாரணம், அதற்கும் சான்று பலமாக இல்லை. இதைச் சொன்னால் ஆள் வரமாட்டார்களே என்று தோழி ஒருத்தி பயந்தாள். வந்தார்கள்.

இந்தத் தொழிலில் உலகப் புகழ் பெற்ற நம் நாட்டுக்காரர் ஒருவர் உண்டு. ஷேக் தீன் முகமது, 1759இல் பாட்னாவில் பிறந்தவர், கும்பினியின் வங்காளப் படையோடு திரிந்தவர். 1810இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்து, இரண்டே வருஷத்தில் திவாலானார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பிரைட்டன் கடற்கரைக்குப் போய் மூலிகை ஆவிக் குளியலும் ‘சாம்பூயிங்’ என்ற மசாஜும் ஆரம்பித்து, நான்காம் ஜார்ஜ் மன்னர்வரை வாடிக்கையாளராக்கினார். நாம் தலைக்குப் போடும் ஷாம்புவின் பெயர், அமுக்கிவிடுவதற்கான இந்திச் சொல்லிலிருந்து போனதுதான். நடக்க முடியாமல் வந்து குணமாகிப் போனவர்கள் விட்டுச் சென்ற ஊன்றுகோல்களை அவர் சுவரில் மாட்டி வைத்திருந்தாராம். அவருடைய விடாமுயற்சி எனக்கு மிகப் பிடிக்கும், திவாலான மனிதர் அந்த வயதில் மறுபடி எழுந்தது சாதாரணமா? ஆனால் அந்த ஊன்றுகோல் சுவரை நான் கட்டமாட்டேன். வலியோடு வருகிறவர் அதைப் பார்த்ததும் தன் கோலையும் மாட்டிவிட்டுப் போகலாம் என்று நம்பிவிடுவார்.

அவர் பிறந்த பக்கத்திலிருந்து, பீகாரிலிருந்து, வந்தவர்தான் நிலையத்தில் ஆண்களைக் கவனிக்கும் எங்கள் சாச்சா. முப்பது வருஷம் பாபுகாட்டில் ஹூக்ளி கரையில் பாய் விரித்து, குளிக்க வருகிறவர்களுக்கு மாலிஷ் செய்தவர். 1957இல் வந்த ‘பியாசா’ படத்தில் கொல்கத்தா வீதியில் எண்ணெய்ப் புட்டியோடு ஜானி வாக்கர் திரிவாரே, அந்தத் தொழில்காரர்களின் கடைசித் தலைமுறை. ஸ்டுடியோவில் விளக்கு தூக்குகிறவர்கள், கேமரா தோளில் வைத்தே வருஷங்கள் கழித்தவர்கள் காலை ஏழு மணிக்கு அவருக்காகக் காத்திருப்பார்கள். மற்ற இரண்டு பெண்களும் கேனிங் லோக்கலில் வந்து ஜாதவ்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்து வருகிறார்கள். முன்பு வீடுகளில் ஆயா வேலை பார்த்தவர்கள், ராத்திரி முழுக்க நோயாளியைப் புரட்டிப் போட்ட கைகள். அவர்களுக்கு உடம்பைப் படிக்கத் தெரியும். நான் கற்றுக்கொடுத்தது கொஞ்சம்தான்.

இரண்டு பெண்கள் என்னிடம் கற்று, வாடிக்கையாளர்களையும் கூட்டிக்கொண்டு தனியாகப் போனார்கள். முதல் முறை ராத்திரி தூங்கவில்லை. பிறகு கணக்குப் பார்த்தேன்: அப்போது நான் கொடுத்த சம்பளத்தில் நானே இருந்திருக்கமாட்டேன். ஆளுக்கு 150 என்ற பங்கு அப்புறம் வந்ததுதான். வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஒரு செயலியில் கொஞ்ச காலம் பதிந்திருந்தேன். அவர்கள் கழிவு போக மிஞ்சியது கைக்குக் கட்டவில்லை, அதைவிட, முன்பின் தெரியாத வீட்டுக்குள் ஒரு பெண்ணைத் தனியே அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிற மாதிரி மனசு அடித்துக்கொண்டது. விட்டுவிட்டேன். தென்கொரியாவில் மசாஜ் உரிமம் பார்வையற்றவர்களுக்கு மட்டும்தான், 2008இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே அது கௌரவமான பிழைப்பு, சட்டமே காவல் நிற்கிறது. இங்கே காவலை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதை எழுதும்போது துர்கா பூஜைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். வருஷத்தில் இந்த இரண்டு வாரம்தான் போன் ஓயாது. வீட்டைத் துடைத்து, கடை கடையாக ஏறி இறங்கி, எல்லோருக்கும் மேஜ்மேஜ். பூஜை ஐந்து நாளும் ஊரே வீதியில் இருக்கும், எங்கள் பக்கம் யாரும் வரமாட்டார்கள். அதனால் இப்போதே அள்ளிக்கொள் என்று ஆசை சொல்லும். நேற்று மாலை, நாலு கோடும் நிரம்பிய பிறகு, ரசகுல்லா மாஷிமாவே போன் செய்தார். “எனக்குக்கூட இல்லையா?” என்றார். எங்கள் இரண்டு பெண்களில் சின்னவள் பக்கத்தில் நின்று, நான் பார்க்கிறேன் திதி என்று சைகை காட்டினாள். மற்றக் கையால் தன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டே காட்டினாள்.

வியாழன் பதினொரு மணி காலியாக இருந்தது. எழுதிக்கொண்டேன்.